தஞ்சாவூர் வான்படைத் தளம்

தஞ்சாவூர் வான்படைத் தளம் என்பது தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில், தஞ்சாவூர் நகருக்குத் தென்மேற்கே அமைந்துள்ள இந்திய வான்படையின் போர் வானூர்தித் தளம் ஆகும். தஞ்சை விமானப்படைத் தளம் என்றும் இது வழங்கப்படுகிறது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு வான்படைக் கட்டளையகத்தின் கீழ் இது இயங்குகிறது. 2013 ஆம் ஆண்டு மே 27 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. அந்தோணியால் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. 2020 ஜனவரி 20 அன்று, பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கக்கூடிய சுகோய்-30 எம்.கே.ஐ. வானூர்திகளைக் கொண்ட 222 ஆம் அணி இங்கு சேர்க்கப்பட்டது. தென்னிந்தியாவில் நிலைநிறுத்தப்பட்ட முதல் சுகோய்-30 அணி இதுவே.

படைத்துறை வரலாற்றில் மட்டுமன்றி, ஆயுதக் கட்டுப்பாடு பற்றிய ஆய்விலும் இத்தளம் கவனத்துக்குரியது. இங்குள்ள ஏவுகணையின் முதல் வடிவத்தின் தாக்கு தூரம், இந்தியா அப்போது உறுப்பினராக இல்லாத ஒரு பன்னாட்டுக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை ஒட்டி வரையறுக்கப்பட்டது. இவ்வகை ஏவுகணைகளைச் சோதிப்பதையோ நிலைநிறுத்துவதையோ ஒழுங்குபடுத்தும் இருதரப்பு உடன்பாடு எதுவும் தெற்காசியாவில் இல்லை.

## அமைவிடம்

தளம் தஞ்சாவூர் நகரின் மையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. தஞ்சாவூருக்கு வடக்கிலும் கிழக்கிலும் காவிரியின் கிளையாறுகள் பாயும் வண்டல் நிலம் பரந்து கிடக்கிறது. தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று அழைக்கப்படும் பகுதி அதுவே. நகருக்குத் தென்மேற்கே, வல்லத்தை ஒட்டிய பகுதி வண்டல் படியாத செம்மண் மேட்டு நிலமாகும். ஓடுதளம் இந்த மேட்டு நிலப் பக்கத்தில் அமைந்துள்ளது.

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக் கடற்கரையும் பாக்கு நீரிணைக் கடற்கரையும் நேர்க்கோட்டில் 100 கி.மீ. தொலைவுக்குள் உள்ளன. இலங்கையின் வட கரை 200 கி.மீ. தொலைவுக்குள் உள்ளது. வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா, இந்தியப் பெருங்கடலின் வடபகுதி ஆகிய மூன்று கடற்பரப்புகளுக்கும் இங்கிருந்து எளிதில் செல்ல இயலும். இத்தளத்தின் படைத்துறை முக்கியத்துவத்துக்கு இந்த அமைவிடமே காரணம். தெற்கு வான்படைக் கட்டளையகத்தின் மற்றொரு முக்கியத் தளமான சூலூர், கோயம்புத்தூருக்கு அருகில் உள்ளது. அங்கு தேஜஸ் இலகு போர் வானூர்திகள் நிலைநிறுத்தப்பட்டுள்ளன. இந்தியக் கடற்படையின் வானூர்தித் தளங்கள் அரக்கோணத்திலும் (ராஜாளி), இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியிலும் (பருந்து) உள்ளன.

## வரலாறு

### முன்வரலாறு

தஞ்சைப் பகுதி தன் காலத்துப் புதிய போர்க்கருவிகளைப் பலமுறை கண்டுள்ளது. 17 ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தைச் சேர்ந்த பெரிய பீரங்கி, தஞ்சைக் கோட்டையின் கீழ்வாசலுக்கு அருகிலுள்ள பீரங்கி மேட்டில் இன்றும் உள்ளது. இது வார்க்கப்பட்டதன்று. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் உலையில் காய்ச்சி, அடித்து இணைத்துச் செய்யப்பட்டது. இதன் எடை 20 டன்னுக்கும் மேற்பட்டது.

1782 பெப்ரவரியில் கும்பகோணத்துக்கு அருகே கொள்ளிடக் கரையில் நடந்த அண்ணாக்குடிப் போரில், கர்னல் பிரைத்வெயிட் தலைமையிலான கும்பினிப் படையைத் திப்பு சுல்தான் தோற்கடித்தார். மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ஏவுகணைகள் அக்காலத்தின் புதிய போர்த் தொழில்நுட்பமாக விளங்கின. அவற்றின் மாதிரிகளைக் கொண்டே 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் காங்கிரீவ் ஏவுகணை உருவாக்கப்பட்டது. ஒரு நாட்டில் தோன்றும் ஏவுகணைத் தொழில்நுட்பம் மற்றொரு நாட்டுக்குப் பரவும் என்பதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு. இத்தகைய பரவலைத் தடுக்கும் எண்ணமே இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஏவுகணைக் கட்டுப்பாடாக வடிவம் பெற்றது.

### ஓடுதளமும் திறப்பும்

தஞ்சாவூர் ஓடுதளம் பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் அமைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது பயன்படுத்தப்பட்டது. போருக்குப் பின் நெடுங்காலம் அதற்குப் பெரிய பயன்பாடு இல்லை. இந்திய வான்படையின் கவனம் மேற்கு, வடக்கு எல்லைகளிலேயே இருந்தது. தெற்கு வான்படைக் கட்டளையகம் 1984 இல்தான் உருவாக்கப்பட்டது.

இந்நிலை மாறியதற்குப் பின்னணியில் சில நிகழ்வுகள் உள்ளன. 2007 மார்ச் 26 அன்று விடுதலைப் புலிகளின் வான்பிரிவு, சிறிய இலகுரக வானூர்திகளைக் கொண்டு கட்டுநாயக்காவிலுள்ள இலங்கை வான்படைத் தளத்தைத் தாக்கியது. அரசு அல்லாத ஓர் அமைப்பு வானூர்திகளைப் போருக்குப் பயன்படுத்தியது தென்னிந்திய வான்பாதுகாப்பு குறித்த கவனத்தைக் கூட்டியது. அதன்பின் இந்தியப் பெருங்கடலில் சீனக் கடற்படையின் நடமாட்டம் பெருகியது. 2014 இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் அளிக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளும் இந்தியாவில் விரிவாக விவாதிக்கப்பட்டன.

## 222 ஆம் அணி

டைகர்ஷார்க்ஸ் (புலிச்சுறா) என்ற பெயர் கொண்ட 222 ஆம் அணி 1969 செப்டம்பர் 15 அன்று சுகோய்-7 வானூர்திகளுடன் உருவாக்கப்பட்டது. 1985 இல் மிக்-27 வானூர்திகளைப் பெற்றது. 2011 இல் அணியின் செயற்பாடு நிறுத்தப்பட்டு, அதன் எண் மட்டும் பேணப்பட்டு வந்தது. 2020 ஜனவரி 1 அன்று அணி மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. ஜனவரி 20 அன்று நடைபெற்ற விழாவில் அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும், வான்படைத் தளபதி ஆர். கே. எஸ். பதௌரியாவும் கலந்து கொண்டனர்.

சுகோய்-30 எம்.கே.ஐ. இரண்டு பொறிகளும் இரண்டு இருக்கைகளும் கொண்ட பன்னோக்குப் போர் வானூர்தி. உருசிய வடிவமைப்பான இது உரிமத்தின் பேரில் இந்துஸ்தான் வானூர்தி நிறுவனத்தின் நாசிக் ஆலையில் கட்டப்பட்டது. உள் எரிபொருளைக் கொண்டு சுமார் 3,000 கி.மீ. பறக்கவல்லது. பறக்கும்போதே எரிபொருள் நிரப்பிக்கொள்ளவும் இயலும்.

## பிரமோஸ் ஏவுகணையின் வானூர்தி வடிவம்

பிரமோஸ் ஒரு மீயொலிவேகச் சீர்வேக ஏவுகணை (குரூஸ் ஏவுகணை) ஆகும். பாலிஸ்டிக் ஏவுகணை தொடக்கத்தில் மட்டும் உந்தப்பட்டு, பின்னர் எறியப்பட்ட கல்லைப் போல வளைபாதையில் சென்று விழுகிறது. சீர்வேக ஏவுகணையோ தன் பயணத்தின் பெரும்பகுதியிலும் பொறியின் விசையால் வளிமண்டலத்துக்குள்ளேயே வானூர்தியைப் போலப் பறக்கிறது. இந்த வேறுபாடு பொறியியலில் மட்டுமன்றி உடன்பாடுகளிலும் பெரும் விளைவை உடையது என்பது கீழே விளக்கப்படுகிறது.

இந்தியாவும் உருசியாவும் 1998 பெப்ரவரி 12 அன்று செய்துகொண்ட அரசுகளுக்கிடையிலான உடன்பாட்டின்படி பிரமோஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். அவர் அப்போது பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் தலைவராக இருந்தார். நிறுவனத்தின் முதல் தலைமை அலுவலர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆ. சிவதாணுப் பிள்ளை. நிறுவனத்தில் இந்தியாவின் பங்கு 50.5 விழுக்காடு, உருசியாவின் பங்கு 49.5 விழுக்காடு. பிரம்மபுத்திரா, மாஸ்க்வா ஆகிய இரு ஆறுகளின் பெயர்களிலிருந்து ஏவுகணையின் பெயர் அமைந்தது. 2001 ஜூன் 12 அன்று ஒடிசாவின் சாந்திப்பூரில் முதன்முதலாக ஏவப்பட்டது.

வானூர்தி வடிவத்தின் முக்கியக் கூறுகள்:

- எடை சுமார் 2.5 டன். தரையிலிருந்து ஏவப்படும் வடிவம் சுமார் 3 டன் எடை உடையது.
- இரண்டு கட்டங்கள்: முதலில் திண்ம எரிபொருள் உந்தி, பின்னர் திரவ எரிபொருளில் இயங்கும் ராம்ஜெட் பொறி.
- வேகம் ஒலியின் வேகத்தைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்கு.
- அறிவிக்கப்பட்ட தொடக்கத் தாக்கு தூரம் 300 கி.மீ.க்கும் சற்றுக் குறைவு.
- ஒரு வானூர்தி ஓர் ஏவுகணையை மட்டும் தன் அடிவயிற்றின் நடுவில் சுமக்கும்.

இவ்வளவு எடையைச் சுமப்பதற்காக வானூர்தியின் உடற்பகுதி வலுப்படுத்தப்பட்டது. ஏவுகணையைச் சுமந்த முதல் பறப்பு 2016 ஜூன் 25 அன்று நாசிக்கில் நடைபெற்றது. 2017 நவம்பர் 22 அன்று வங்காள விரிகுடாவில் இருந்த இலக்கு மீது முதன்முதலாக ஏவிச் சோதிக்கப்பட்டது. 2019 மே 22 அன்று நில இலக்கு மீது ஏவப்பட்டது. 2022 மே, டிசம்பர் மாதங்களில் தாக்கு தூரம் கூட்டப்பட்ட வடிவம் சுகோய்-30 வானூர்தியிலிருந்து சோதிக்கப்பட்டது.

## தாக்கு தூர வரம்பும் ஏவுகணைக் கட்டுப்பாடும்

பிரமோசின் முதல் வடிவங்களுக்கு 290 கி.மீ. தாக்கு தூரம் அறிவிக்கப்பட்டது. இந்த எண் பொறியியல் இயலாமையால் வந்ததன்று. அது ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் விதிகளை ஒட்டி அமைந்தது.

இந்த ஏற்பாட்டை 1987 இல் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, மேற்கு செருமனி, இத்தாலி, கனடா, சப்பான் ஆகிய ஏழு நாடுகள் தொடங்கின. இது ஒப்பந்தம் அன்று. உறுப்பு நாடுகள் தாமாக முன்வந்து கடைப்பிடிக்கும் ஏற்றுமதி விதிகளின் தொகுப்பாகும். மீறினால் தண்டனை விதிக்கும் அமைப்போ, சோதனையிடும் அதிகாரிகளோ இதற்கு இல்லை. 500 கிலோ எடையை 300 கி.மீ. தொலைவுக்குக் கொண்டு செல்லக்கூடிய ஏவுகணைகளை வேறு நாட்டுக்கு அளிப்பதில்லை என்பது இதன் அடிப்படை விதி. தொடக்ககால அணுகுண்டு ஒன்றின் எடையை ஒட்டி 500 கிலோ என்பது வகுக்கப்பட்டது. பின்னர், எடை குறைவானதாயினும் 300 கி.மீ. தொலைவை எட்டும் ஏவுகணைகளும் கட்டுப்பாட்டுப் பட்டியலின் இரண்டாம் வகையில் சேர்க்கப்பட்டன.

உருசியா 1995 இல் இதில் உறுப்பினரானது. இந்தியா அப்போது உறுப்பினர் அன்று. எனவே உருசியத் தொழில்நுட்பம் கொண்ட கூட்டு ஏவுகணை 300 கி.மீ. எல்லைக்குள் நிற்க வேண்டியிருந்தது. இந்தியா கையெழுத்திடாத ஒரு விதி, இந்திய ஏவுகணையின் அளவை இவ்வாறு நிர்ணயித்தது.

2016 ஜூன் 27 அன்று இந்தியா இந்த ஏற்பாட்டின் 35 ஆவது உறுப்பினரானது. உறுப்பினராவது தொழில்நுட்பம் பெறும் உரிமையைத் தானாகவே தருவதில்லை. எனினும் கூட்டு ஏவுகணையின் தூரத்தைக் கூட்டுவதற்கு இருந்த தடை விலகியது. 2017 மார்ச் 11 அன்று சுமார் 450 கி.மீ. தாக்கு தூரம் கொண்ட பிரமோஸ் தரையிலிருந்து சோதிக்கப்பட்டது. இதிலிருந்து இரு வேறு முடிவுகள் பெறப்படுகின்றன. ஏற்பாடு பரவலைத் தாமதப்படுத்தியது என்பது ஒன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தூரம் உயராமல் நின்றது இதற்குச் சான்று. வெளியே இருந்தபோது கட்டுப்பட்ட நாடு, உள்ளே வந்தபின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் விதி, ஒரு நாடு தன் தேவைக்காகத் தானே செய்துகொள்ளும் ஆயுதத்தைக் கட்டுப்படுத்துவதில்லை.

இந்தியா இப்போது ஏவுகணையை ஏற்றுமதி செய்யும் நாடாகவும் ஆகியுள்ளது. 2022 ஜனவரியில் பிலிப்பீன்சுடன் சுமார் 375 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் செய்யப்பட்டது. முதல் தொகுதி 2024 ஏப்ரலில் அனுப்பப்பட்டது. முன்பு வாங்கும் தரப்பில் இருந்து எதிர்கொண்ட விதிகளை, இந்தியா விற்கும் தரப்பில் இருந்து கடைப்பிடிக்க வேண்டியதாயிற்று.

## வானிலிருந்து ஏவுவதால் எழும் சிக்கல்

மேற்கண்ட ஏற்பாடு ஏவுகணை தானாகப் பறக்கும் தூரத்தை மட்டுமே அளக்கிறது. ஏவுகணையைச் சுமந்து செல்லும் வானூர்தியின் தூரம் கணக்கில் வருவதில்லை. தஞ்சாவூரிலிருந்து புறப்படும் வானூர்தி கடலின் மேல் 1,000 கி.மீ. சென்று ஏவுகணையை விடுமானால், தளத்திலிருந்து இலக்குக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ 1,300 கி.மீ. ஆகிறது. வானில் எரிபொருள் நிரப்பினால் அத்தொலைவு மேலும் கூடும். 2020 அக்டோபர் 30 அன்று பஞ்சாபிலுள்ள தளத்திலிருந்து புறப்பட்ட சுகோய்-30 ஒன்று வழியில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, வங்காள விரிகுடாவில் இருந்த கப்பல் இலக்கைப் பிரமோசால் தாக்கிக் காட்டியது.

பிற நாடுகளின் உடன்பாடுகளிலும் இதே இடைவெளி காணப்பட்டது. 1987 இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட இடைத்தூர அணுப்படைகள் ஒப்பந்தம், 500 முதல் 5,500 கி.மீ. வரை செல்லும் ஏவுகணைகளை முற்றிலும் ஒழித்தது. ஆனால் தரையிலிருந்து ஏவப்படுவனவற்றுக்கு மட்டுமே அது பொருந்தியது. கடலிலும் வானிலும் இருந்து ஏவப்படுவன விலக்கப்பட்டிருந்தன. அவ்வொப்பந்தமும் 2019 ஆகஸ்ட் 2 அன்று முடிவுக்கு வந்தது.

சரிபார்ப்பதும் கடினம். ஏவுதளத்தையும் பெரிய ஏவூர்தியையும் செயற்கைக்கோள் படங்களில் அடையாளம் காணலாம். ஆனால் வானூர்தியில் பொருத்தப்படும் ஏவுகணையைச் சாதாரணக் கொட்டகையில் வைத்துவிட இயலும். எந்த வானூர்தி எதைச் சுமக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிவது எளிதன்று. இந்திய அரசு பிரமோசை மரபுவழி வெடிபொருள் கொண்ட ஆயுதமாகவே அறிவித்துள்ளது. ஆயினும் நெருக்கடி நேரத்தில் வரும் ஏவுகணை எதைச் சுமந்து வருகிறது என்பதை எதிர்த்தரப்பு ஊகிக்கத்தான் வேண்டும்.

நேரமும் குறைவு. ஒலியைப் போல் 2.8 மடங்கு வேகத்தில் 290 கி.மீ. கடக்க ஏறத்தாழ ஆறு நிமிடங்களே ஆகும். அந்த ஆறு நிமிடங்களுக்குள் ஏவுகணையைக் கண்டறிதல், அது எது என உறுதி செய்தல், மேலிடத்துக்கு அறிவித்தல், முடிவெடுத்தல் ஆகிய அனைத்தும் நடைபெற வேண்டும்.

## தெற்காசிய உடன்பாடுகளும் அவற்றின் எல்லையும்

இந்தியாவும் பாகிஸ்தானும் சில நம்பிக்கை வளர்ப்பு உடன்பாடுகளைச் செய்துள்ளன. 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான உடன்பாட்டின்படி, இரு நாடுகளும் ஒன்றன் அணுசக்தி நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று அந்நிலையங்களின் பட்டியல்கள் பரிமாறப்படுகின்றன.

2005 அக்டோபர் 3 அன்று ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே அறிவிக்கும் உடன்பாடு கையெழுத்தானது. சோதனைக்குக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். ஏவுமிடம் எல்லையிலிருந்து 40 கி.மீ.க்குள்ளும், விழுமிடம் 75 கி.மீ.க்குள்ளும் இருக்கக் கூடாது. ஆனால் இவ்வுடன்பாடு பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே உரியது. இதன் விளைவு உடனே வெளிப்பட்டது. பேச்சுவார்த்தையில் இணக்கம் ஏற்பட்ட சில நாட்களில், 2005 ஆகஸ்ட் 11 அன்று, பாகிஸ்தான் தன் பாபர் சீர்வேக ஏவுகணையை முன்னறிவிப்பின்றிச் சோதித்தது. சீர்வேக ஏவுகணைகள் உடன்பாட்டில் சேரவில்லை என்பதால் அது மீறலாகக் கருதப்படவில்லை. 2007 ஆகஸ்டில் வானூர்தியிலிருந்து ஏவப்படும் ராட் ஏவுகணையையும் பாகிஸ்தான் சோதித்தது.

பாலிஸ்டிக் ஏவுகணைப் பரவலுக்கு எதிரான ஹேக் நடத்தை நெறியில் இந்தியா 2016 ஜூனில் இணைந்தது. அதுவும் சீர்வேக ஏவுகணைகளை உள்ளடக்கவில்லை. ஆகவே தஞ்சாவூரில் உள்ளதைப் போன்ற ஏவுகணைகள் இருதரப்பு உடன்பாட்டுக்கும் பன்னாட்டு நெறிக்கும் வெளியே நிற்கின்றன. 2005 உடன்பாட்டில் சீர்வேக ஏவுகணைகளையும் சேர்க்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் பரிந்துரைகளுள் ஒன்று.

### 2022 ஏவுகணை நிகழ்வு

2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாக ஏவப்பட்ட ஏவுகணை ஒன்று பாகிஸ்தானுக்குள் 100 கி.மீ.க்கும் மேல் சென்று, பஞ்சாப் மாகாணத்தின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை. உயிரிழப்பு ஏற்படவில்லை. வழக்கமான பராமரிப்பின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு எனக் கூறி இந்திய அரசு மார்ச் 11 அன்று வருத்தம் தெரிவித்தது. விசாரணைக்குப் பின், நிலையான நடைமுறை பின்பற்றப்படவில்லை எனக் கண்டறியப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று வான்படை அலுவலர் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அந்த ஏவுகணை பிரமோஸ் எனப் பரவலாக அடையாளம் காணப்பட்டது.

இந்நிகழ்வுக்கும் தஞ்சாவூர்த் தளத்துக்கும் தொடர்பில்லை. எனினும் அணு ஆயுதம் கொண்ட இரு நாடுகளுக்கிடையே, அமைதிக் காலத்தில், ஒரு சீர்வேக ஏவுகணை எல்லை கடந்தது ஆய்வுலகில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. ஏவுகணை பறந்து முடிந்தது சில நிமிடங்களில். அதுபற்றிய பொது விளக்கம் வந்தது இரண்டு நாட்களுக்குப் பின். 2025 மே 7 முதல் 10 வரை இரு நாடுகளுக்கிடையே நடந்த மோதலில் பிரமோஸ் பயன்படுத்தப்பட்டதாக இந்தியத் தலைவர்கள் பின்னர் கூறினர்.

## இந்தியப் பெருங்கடல்: அமைதி மண்டலக் கருத்து

தஞ்சாவூரிலிருந்து கண்காணிக்கப்படும் கடற்பரப்பு ஒரு காலத்தில் ஆயுதக் கட்டுப்பாட்டு முயற்சியின் களமாக இருந்தது. அன்றைய இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் முன்முயற்சியால், 1971 டிசம்பர் 16 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் 2832 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. வல்லரசுகள் தம் படைத்தளங்களை இக்கடலிலிருந்து அகற்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். தியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் உருவானதை இந்தியா அக்காலத்தில் எதிர்த்து வந்தது. 1977-78 இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இக்கடலில் கடற்படைகளைக் கட்டுப்படுத்துவது குறித்துப் பேசின. அப்பேச்சு உடன்பாட்டில் முடியவில்லை.

தீர்மானம் திரும்பப் பெறப்படவில்லை. ஆயினும் நடைமுறையில் அது வலுவிழந்தது. சீனா 2017 இல் சிபூட்டியில் தளம் அமைத்தது. இந்தியா தன் தென்பகுதித் தளங்களை விரிவுபடுத்தியது. வெளிவல்லரசுகளை விலக்குவது பற்றிய அன்றைய விவாதம், கரையோர நாடுகளின் சொந்தப் படைவலிமை பற்றிய விவாதமாக மாறியுள்ளது.

## வேளாண் நிலமும் பண்பாட்டுச் சின்னங்களும்

தளம் அமைந்துள்ள வட்டாரத்துக்குப் பன்னாட்டு மனிதநேயச் சட்டத்தின் நோக்கில் சில தனித்தன்மைகள் உள்ளன.

பெரிய கோயில். தஞ்சைப் பெருவுடையார் கோயில் 1987 முதல் யுனெசுகோ உலக மரபுச் சின்னமாகும். போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் 1954 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 1958 முதல் உறுப்பினராக உள்ளது. அவ்வுடன்படிக்கை எல்லாப் பண்பாட்டுச் சின்னங்களுக்கும் பொதுவான காப்பு அளிக்கிறது. அதற்கு மேற்பட்ட சிறப்புக் காப்பைப் பெற, சின்னம் முக்கியப் படைத்துறை இலக்குகளிலிருந்து போதிய தொலைவில் இருத்தல் வேண்டும். அத்தகைய இலக்குக்கு எடுத்துக்காட்டாக உடன்படிக்கை முதலிற் குறிப்பிடுபவற்றுள் ஒன்று வானூர்தித் தளம். தஞ்சாவூரில் கோயிலுக்கும் ஓடுதளத்துக்கும் இடையே பத்து கிலோமீட்டர் கூட இல்லை. போதிய தொலைவு எவ்வளவு என்பதை உடன்படிக்கை எண்ணால் வரையறுக்கவில்லை.

நீர்ப்பாசனக் கட்டமைப்பு. காவிரிப் படுகையின் வேளாண்மை கல்லணை, மேட்டூர் அணை, அவற்றிலிருந்து பிரியும் ஆறுகள், கால்வாய்கள் ஆகியவற்றை நம்பியுள்ளது. 1934 இல் மேட்டூர்த் திட்டத்துடன் உருவான கல்லணைக் கால்வாய் (புது ஆறு) தஞ்சாவூர் நகரின் வழியே சென்று தெற்கிலுள்ள புதிய பாசனப் பகுதிக்கு நீர் தருகிறது. அணைகளையும் அணைக்கரைகளையும் தாக்குவதைத் தடுப்பது, செனீவா உடன்படிக்கைகளின் 1977 ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையாகும். இந்தியா அதில் உறுப்பினர் அன்று. 1988 ஆம் ஆண்டின் இந்திய-பாகிஸ்தான் உடன்பாடு அணுசக்தி நிலையங்களை மட்டுமே காக்கிறது. அணைகள் அதில் இல்லை.

வேளாண் மண்டலச் சட்டம். 222 ஆம் அணி சேர்க்கப்பட்ட அடுத்த மாதம், 2020 பெப்ரவரியில், காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. எண்ணெய், எரிவளி அகழ்வு உள்ளிட்ட சில தொழில்களைப் புதிதாகத் தொடங்குவதை அது தடை செய்கிறது. பாதுகாப்புத் துறை அரசியலமைப்பின்படி நடுவண் அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது.

## ஆய்வு

இந்தியாவில் ஆயுதக் கட்டுப்பாடு பற்றிய முறையான ஆய்வு, 1965 நவம்பரில் புதுதில்லியில் நிறுவப்பட்ட பாதுகாப்புக் கல்வி மற்றும் பகுப்பாய்வு நிறுவனத்துடன் தொடங்கியது. இது 2020 முதல் மனோகர் பாரிக்கர் பெயரால் வழங்குகிறது. அதை 1968 முதல் 1975 வரையும், 1980 முதல் 1987 வரையும் வழிநடத்தியவர், காவிரிப் படுகையின் தலைப்பிலுள்ள திருச்சிராப்பள்ளியில் 1929 இல் பிறந்த கே. சுப்பிரமணியம். தமிழ்நாட்டுப் பிரிவைச் சேர்ந்த இந்திய ஆட்சிப்பணி அலுவலரான இவர், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் ஆயுதம் வைத்திருக்கும் நாடுகளுக்குச் சலுகையும் பிற நாடுகளுக்குத் தடையும் விதிக்கிறது என்று விமரிசித்தார். 1999 இல் கார்கில் மீளாய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதே ஆண்டில் வெளியான இந்திய அணுக்கொள்கை வரைவை உருவாக்கிய ஆலோசனை வாரியத்தின் ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தார். முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதில்லை என்ற கொள்கை அவ்வரைவில் இடம்பெற்றது. 2011 பெப்ரவரி 2 அன்று இவர் காலமானார்.

பெங்களூரிலுள்ள தேசிய உயர்கல்வி ஆய்வு நிறுவனம் ஏவுகணைகளின் அளவு, எடை, எரிபொருள் ஆகியவற்றைக் கொண்டு அவற்றின் தூரத்தைக் கணிக்கும் தொழில்நுட்ப ஆய்வுகளை வெளியிட்டுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுத் துறை உள்ளது. உலக அளவில் 1966 இல் தொடங்கப்பட்ட ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனமும், செனீவாவிலுள்ள ஐக்கிய நாடுகள் ஆயுதக் களைவு ஆய்வு நிறுவனமும் குறிப்பிடத்தக்கவை.

ஆய்வின் கவனம் இப்போது மேலும் புதிய தொழில்நுட்பங்களின் பக்கம் திரும்பியுள்ளது. ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் வேகமுள்ள அதிமீயொலிவேக ஊர்தியை இந்தியா 2020 செப்டம்பர் 7 அன்று வெற்றிகரமாகச் சோதித்தது. மனிதக் கட்டுப்பாடின்றித் தாமே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் பற்றிச் செனீவாவில் கூடிய அரசுகளின் வல்லுநர் குழுவுக்கு, 2017, 2018 ஆம் ஆண்டுகளில் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில் தலைமை வகித்தார். அக்குழு 2019 இல் பதினொரு வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அவற்றுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை.

## காலவரிசை

- 1971: இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலத் தீர்மானம்
- 1984: தெற்கு வான்படைக் கட்டளையகம் உருவாக்கம்
- 1987: ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு தொடக்கம்
- 1998: பிரமோஸ் உடன்பாடு
- 2005: பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனை முன்னறிவிப்பு உடன்பாடு
- 2013: தஞ்சாவூர் வான்படைத் தளம் திறப்பு
- 2016: கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் இந்தியா இணைதல்
- 2017: வானூர்தியிலிருந்து பிரமோசின் முதல் ஏவல்
- 2020: 222 ஆம் அணி தஞ்சாவூரில் சேர்ப்பு
- 2022: மியான் சன்னு ஏவுகணை நிகழ்வு

## இவற்றையும் பார்க்கவும்

- இந்திய வான்படை
- பிரமோஸ்
- சீர்வேக ஏவுகணை
- கே. சுப்பிரமணியம்
- தஞ்சாவூர்
- கல்லணை